வரி

என் வேலை விளக்குகள்.
பச்சை எரிந்தால் பேசலாம்.
மஞ்சள் என்றால் முப்பது விநாடி.
சிவப்பு வந்ததும்
வாக்கியம் எந்தப் படியில் நிற்கிறதோ
அங்கேயே இறக்கிவைத்துவிட்டு
நன்றி சொல்ல வேண்டும்.

அகஸ்டா நகரம், மார்ச்.
ஒதுக்கீட்டுக் குழுவின் வாசலில்
பூட்ஸ்களிலிருந்து உருகிய பனி
உப்புக்கறையாய்த் தரையில் காய்கிறது.
பதின்மூன்று நாற்காலிகள். பன்னிரண்டு பேர்.
மாடவாஸ்காவிலிருந்து வரவேண்டியவர்
வழியில் கவிழ்ந்த லாரியொன்றின் பின்னால் நிற்கிறார்.

பக்கம் நானூற்றுப் பதினொன்று.
சுகாதாரத் துறை, கடலோரப் பிரிவு,
தீவுச் செவிலியர் படகு.
நடப்பாண்டு: ஒரு லட்சத்து எண்பத்து நாலாயிரம் டாலர்.
வரும் ஆண்டு: ஒரு சிறு கோடு.
பூஜ்யம்கூட இல்லை.
பூஜ்யத்துக்காவது வயிறு என்று ஒன்று உண்டு.

ஆய்வாளர் வெண்டல் ப்ரூ எழுந்தார்.
தொகைகளைச் சொல்லும்போது மட்டும்
தூங்கும் குழந்தையைத் தாண்டிப் போகிறவர்போல்
குரலைத் தாழ்த்துவார்.
"ஒருமுறை போய்வர நானூற்றுப் பன்னிரண்டு.
கிரிண்டில் தீவில் இப்போது நூற்றாறு பேர்."
நானும் மேசைக்கடியில் கணக்கிட்டுப் பார்த்தேன்.
சரியாகத்தான் இருந்தது.
அவர் கணக்கு எப்போதும் சரியாகத்தான் இருக்கும்.

"காணொளியில் மருத்துவம் பார்க்கலாமே?"
கேட்டவர் செனட்டர் சீர்.
"பார்க்கலாம், காற்று அடங்கியிருந்தால்"
என்றார் சாட்சி மேசையில் லோர்னா பீல்,
படகின் எஞ்சினைப் பார்த்துக்கொள்பவர்,
விடியுமுன் புறப்பட்டு வந்தவர்.
சிரித்தார்கள். பச்சை எரிந்துகொண்டிருந்தது.

அவர் உரை எதுவும் எழுதிவரவில்லை.
எண்ணெய் படிந்த ஓதப் புத்தகத்தைப் பிரித்துப்
படிக்கத் தொடங்கினார்.
"டிசம்பர் ஒன்பது. வடகிழக்குக் காற்று. போகவில்லை.
டிசம்பர் பத்து. போகவில்லை.
டிசம்பர் பதினொன்று. போனோம்.
ஆர்லோ வீட்டில்..."
சிவப்பு.

லோர்னா புத்தகத்தை மூடினார். நன்றி என்றார்.
விளக்கு தானாக எரிவது.
அதை மறைக்க ஓர் உள்ளங்கை போதும்.
என் உள்ளங்கை மடியில் இருந்தது.

மெரில் விங்கேட்டைக் கெட்டவராக எழுத எனக்கு மனமில்லை.
அவர் தொகுதியில், பனி பிளந்த சாலையில்
பள்ளிப் பேருந்து சாய்ந்தது;
இரண்டு பிள்ளைகளின் கையில் மாவுக்கட்டு.
அதே பணத்தைத்தான் அவரும் கேட்டார்.
இருப்பதோ ஒரே போர்வை.
தலையை மூடினால் கால் தெரியும்.

கை தூக்கினார்கள்.
நீக்க ஆறு. வைத்திருக்க ஆறு.
லாரிக்குப் பின்னால் நிற்பவர் எந்தப் பக்கம்
என்று எவருக்கும் தெரியாது.

தலைவர் ஒடீல் பெல்கி
மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"மே மாதம் வருவாய் மதிப்பீடு வரும்.
அதுவரை ஒரு டாலர் போடுவோம்.
பணம் பிறகு. வரி இருக்கட்டும்."
பன்னிரண்டு கைகளும் எழுந்தன,
விங்கேட்டின் கை கடைசியாக.

மாலையில் தட்டச்சு செய்தேன்.
எங்கள் அட்டவணை ஆயிரங்களில்.
ஒரு டாலரை இட்டால்
இயந்திரம் அதைச் சீராக்கிப்
பூஜ்யம் என்று அச்சடித்தது.
மறுபடி இட்டேன். மறுபடி பூஜ்யம்.
கடைசியில் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி வைத்து
அடியில் எறும்பெழுத்தில் எழுதினேன்:
இங்கே ஒன்று இருக்கிறது.
இது அலுவல் நடை அல்ல என்றார் வெண்டல்.
'ஒரு டாலர்' என்று திருத்தினேன்.

அடிக்குறிப்பை எவரும் படிப்பதில்லை.
வியாழக்கிழமை தொலைபேசி.
பின்னணியில் எஞ்சின் உறுமல்.
"நட்சத்திரம் போட்டிருக்கிறீர்களே,
மே மாதம் எத்தனையாம் தேதி?"
சொன்னேன்.
தாள் புரளும் ஓசை.
"அன்றைக்கு ஏற்றம் ஆறு நாற்பதுக்கு.
வந்துவிடலாம்."

என் மேசையில் எந்த விளக்கும் எரியவில்லை.
"டிசம்பர் பதினொன்று," என்றேன்.
"ஆர்லோ வீட்டில்... நீங்கள் முடிக்கவில்லை."

அவர் எஞ்சினை அணைத்தார்.